பகல் மின்சாரத்தைப் பகலில் கொடுங்கள்: காவிரிப் படுகையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் டெல்டா மாவட்டப் பொறியாளர்களுக்கும் வேளாண் பொறியியல் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

மோட்டார் காயில் கட்டுபவர்கள், போர்வெல் இறக்குபவர்கள், ஸ்டார்ட்டர் வேலை பார்ப்பவர்கள், லைன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வேளாண் பொறியியல் படித்த ஓரிருவர் எனச் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கோரிக்கை ஒன்றுதான். டெல்டாவில் விவசாயத்துக்குக் கொடுக்கும் மும்முனை மின்சாரத்தின் நேரத்தை மாற்றுங்கள். ராத்திரி முறையை எடுத்துவிட்டு, காலை ஒன்பதுக்கும் மாலை நான்குக்கும் இடையில் முழுதாகக் கொடுங்கள். சோலார் பம்பு மானியம், புது இணைப்பு, ஃபீடர் (துணைமின்நிலையத்திலிருந்து கிளம்பும் 11 கே.வி. லைன்) பிரிப்பு எல்லாம் இதற்குப் பின்னால் வரிசையில் வர வேண்டியவை. இப்போது பம்பு முதலில் வருகிறது, நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அறிவிப்பில் எத்தனை மணி நேரம் என்றிருந்தாலும், பல ஃபீடர்களில் மும்முனை பகலுக்குக் கொஞ்சம் ராத்திரிக்குக் கொஞ்சம் என்று பிரிந்துதான் வருகிறது. அது ஏன் அப்படி ஆனது என்பதில் நாட்டின் மின்சார வரலாறே இருக்கிறது.

காவிரிப் படுகைக்கு மின்சாரம் தண்ணீரோடு சேர்ந்து வந்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அணையடி மின்நிலையம் 1937இல் ஓடத் தொடங்கியது. பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீரே டர்பைனைச் சுற்றிவிட்டுக் கீழே இறங்கும். இன்று அணையடியில் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையத்தில் 200 மெகாவாட், அதற்குக் கீழே ஆற்றின் குறுக்கே தலா 30 மெகாவாட்டில் ஏழு கதவணை நிலையங்கள். ஜூன் 12ஆம் தேதி மதகு திறந்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் தானாக ஓடிவரும், மின்சாரமும் கிடைக்கும், மோட்டாருக்கும் வேலை குறையும். அணை வறண்ட வருஷத்தில் மூன்றும் ஒன்றாகக் கெடும். ஆற்றில் தண்ணீர் வராது; மேட்டூரில் உற்பத்தி இருக்காது; குறுவை நாற்றங்காலைக் காப்பாற்ற டெல்டாவில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒரே சமயத்தில் ஓடியாக வேண்டும். மற்ற மாவட்டங்களுக்குச் சராசரி வைத்துப் போடும் மின்தேவைக் கணக்கு இங்கே பொய்த்துப்போவது இதனால்தான்.

பிறகு நிலக்கரி. நெய்வேலியில் முதல் அலகு 1962இல், எண்ணூர் 1970இல், அப்புறம் தூத்துக்குடி, மேட்டூர் அனல், வடசென்னை. நடுவில் கல்பாக்கம் அணுமின் நிலையம். நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் மொத்த நிறுவுதிறன் 1,362 மெகாவாட். இன்று அது 4.5 லட்சம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இன்னமும் உற்பத்தியாகும் யூனிட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்துதான். கொதிகலனை ராத்திரி அணைத்துக் காலையில் பற்றவைக்க முடியாது. அணைத்தால் மறுபடி சூடேற்றவே பல மணி நேரம் பிடிக்கும், எண்ணெயும் செலவாகும். ஊர் உறங்கியதும் தேவை இறங்கும், ஆலைகளும் பாதிதான் ஓடும், அனல் நிலையம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மிச்சத்தை எங்கே தள்ளுவது? விவசாய மோட்டாருக்குத் தள்ளினார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானபோது, எந்த நேரத்தில் கொடுத்தால் வாரியத்துக்குக் கட்டுப்படியாகும் என்ற கேள்விக்கு ராத்திரி என்பதே விடையாக இருந்தது. அன்றைக்கு அது சரியான கணக்குத்தான். அதற்கான விலையை வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு போய் ஸ்டார்ட்டர் போட்டவர்கள் கொடுத்தார்கள், சிலர் பாம்புக்கடியாக.

இன்று அந்தக் கணக்கு புரண்டுவிட்டது. தமிழ்நாட்டில் சூரிய மின்நிலையங்களின் நிறுவுதிறன் 9,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. நண்பகலில் மின்சாரம் வந்து குவிகிறது. அதற்கு இடம் விட அனல் நிலையங்கள் சுமையைக் குறைக்க வேண்டும். முழுச் சுமையில் 55 சதத்துக்கு இறக்கி ஓட்டும் திறன் வேண்டும் என்று 2023இல் மத்திய மின்சார ஆணையம் விதியே போட்டது. மாலை ஆறரைக்குச் சூரியன் கைவிட்டதும் வீட்டு விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாம் சேர்ந்து ஏறும்போது அதே அனல் நிலையங்களை முழு வேகத்துக்கு இழுக்க வேண்டும். பற்றாக்குறை அப்போதுதான். அதே 2023இல் வந்த நுகர்வோர் உரிமை விதித் திருத்தம், சூரிய மின்சாரம் கிடைக்கும் எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. விவசாயத்துக்கு அதில் விலக்கு. விலக்கு நியாயமானதுதான், இலவசமாகப் பெறுபவருக்குக் கட்டணக் குறைப்பால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் கட்டணத்தைத் தொடாமலே நேரத்தை மட்டும் மாற்ற வாரியத்துக்கு முழு அதிகாரம் இருக்கிறது. ஆலைக்காரரைப் பகலுக்கு இழுக்கச் சலுகை கொடுக்க வேண்டும். விவசாயியைப் பகலுக்கு இழுக்க எதுவுமே கொடுக்க வேண்டாம். அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறோம். காற்றாலை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை முப்பந்தல், கயத்தாறு, பல்லடம் பக்கம் காற்று வாங்கும் காலமும் டெல்டாவில் குறுவைப் பட்டமும் ஒன்று. அந்த மாதங்களில் விடியற்காலையில் காற்றாலை மின்சாரம் மிஞ்சினால், நான்கு மணி முதல் ஆறு மணி வரை கூடுதலாக ஒரு முறை கொடுக்கலாம். பிப்ரவரியிலிருந்து மே வரை அந்தப் பேச்சே வேண்டாம். பகல் மட்டும் போதும்.

ஏழு மணி நேரம் போதுமா என்று கேட்பீர்கள். ஓர் ஏக்கர் வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். மேல்மட்டத் தண்ணீர் இருக்கும் இடத்தில் 5 எச்.பி. மோனோபிளாக் நொடிக்கு 10 லிட்டர் கொடுத்தால்கூட ஐந்தரை மணி நேரத்தில் ஏக்கர் நிறையும். தண்ணீர் ஆழத்தில் இருந்து, மொத்த ஏற்றம் 30 மீட்டராகிவிட்டால், அதே 5 எச்.பி. சப்மெர்சிபிள் நொடிக்கு 7 லிட்டர்தான் தரும். அப்போது ஏக்கர் நிறைய எட்டு மணி நேரம் பிடிக்கும், ஏழு மணி நேரத்தில் முக்கால் ஏக்கருக்கு மேல் பாயும். நாற்றங்காலுக்கும் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டும் பயிருக்கும் இது தாராளம். ராத்திரி முறையில் ஆள் தூங்கிப்போய், மடை உடைந்து, பக்கத்து வயலுக்கும் வடிகாலுக்கும் ஓடும் தண்ணீரைக் கழித்துப் பார்த்தால், பகல் ஏழு மணி நேரம், ராத்திரியும் பகலுமான ஒன்பது மணி நேரத்துக்குச் சமம் என்பது எங்கள் மதிப்பீடு.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இப்போது ஒரு பிரிவுக்குப் பகல், இன்னொரு பிரிவுக்கு ராத்திரி என்று மாறி மாறிக் கொடுப்பதால் லைன் தாங்குகிறது. எல்லாரையும் பகலுக்குக் கொண்டுவந்தால் சுமை இரட்டிப்பாகும். உண்மை. 200 மோட்டார் உள்ள ஃபீடரை எடுத்துக்கொள்ளுங்கள். 5 எச்.பி. மோட்டார் ஒன்று லைனிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 4.5 கிலோவாட், எல்லாம் ஓடினால் 900 கிலோவாட். அதைச் சமாளிக்கச் செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. மூன்றும் துணைமின்நிலையத்துக்கும் வரப்புக்கும் நடுவில் முடிகிற வேலைகள்தான்.

முதலில் கண்டன்சர். இந்த மோட்டார்களின் பவர் ஃபேக்டர், அதாவது லைனிலிருந்து இழுப்பதில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு, பெரும்பாலும் 0.75 பக்கத்தில் கிடக்கும். ஸ்டார்ட்டருக்கு அப்புறம் மோட்டார் முனையில் 2 கே.வி.ஏ.ஆர். மும்முனைக் கண்டன்சர் ஒன்றை இணைத்தால் அது 0.92 பக்கம் ஏறும். லைனில் ஓடும் ஆம்பியர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும்; கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் தானாக நிமிரும். அது சின்ன விஷயம் இல்லை. 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வந்தால் மோட்டாரின் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சுற்ற முடியாமல் கூடுதல் ஆம்பியர் இழுத்துக் காயில் வேகும். கண்டன்சரை மோட்டாரோடு சேர்ந்து அணைகிற மாதிரி இணைக்க வேண்டும். ஸ்டார்ட்டருக்கு முன்னால் லைனிலேயே விட்டுவைத்தால், மோட்டார் ஓடாத நேரத்தில் வோல்டேஜ் மேலே ஏறும். முன்பு கொடுத்த கண்டன்சர்கள் பல இடங்களில் ஊதிப்போய் வெறும் டப்பாவாகத் தொங்குகின்றன. மாட்டுவதோடு நிறுத்தாமல், வருஷம் ஒரு முறை கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

இரண்டாவது, எல்லாரும் ஒரே நொடியில் எழுவது. டெல்டாவில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இல்லாத கொட்டகை குறைவு. மும்முனை வந்த நொடியில் டிரான்ஸ்பார்மரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் தானாக எழும். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் 5 எச்.பி. மோட்டார் பத்து வரை தாங்கும். எழும் நொடியில் ஒவ்வொன்றும் ஓட்ட ஆம்பியரைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். டிரான்ஸ்பார்மர் அந்தச் சில நொடிகளுக்கு 300 கே.வி.ஏ.வுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். வோல்டேஜ் சரிந்து பாதி மோட்டார் எழ முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும், பீஸ்கேரியர் போகும். பீஸ் போகக் கூடாது என்று தடித்த கம்பி சுற்றுவார்கள். அப்புறம் டிரான்ஸ்பார்மரே போகும். வழி மிக எளியது. ஆட்டோ ஸ்டார்ட்டரில் ஆன்-டிலே டைமர் ஒன்று. ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழ் உள்ள மோட்டார்களுக்குப் பதினைந்து நொடி இடைவெளியில் நேரம் வைத்துவிட்டால், மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துவிடும். பல ஸ்டார்ட்டர்களில் அந்த டைமர் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்திருக்கிறார்கள். சொந்தமாக ஒருவர் கூட்டி வைத்தால் என்ன நடக்கும்? மற்றவர்கள் முந்திக்கொள்வார்கள், வோல்டேஜ் அவருக்கு மிஞ்சாது. ஆகவே இதை வாரியம்தான் டிரான்ஸ்பார்மர் வாரியாகச் செய்ய முடியும்.

மூன்றாவது, ஃபீடர் பிரிப்பு. ஊர் விளக்கும் வயல் மோட்டாரும் ஒரே 11 கே.வி. லைனில் இருப்பதால்தான், மும்முனை இல்லாத நேரத்தில் ஒரு பேஸை நிறுத்திவிட்டு இருமுனையில் ஊரை ஓட்டுகிறீர்கள். அந்த நேரத்தில் மோட்டார் ஓடாது என்பது காகிதத்தில். வயலில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பெரிய கண்டன்சர்கள் இரண்டைத் தொங்கவிட்டு, மூன்றாவது பேஸை அதிலிருந்து வரவழைத்து, இருமுனையிலேயே மோட்டார் ஓடுகிறது. இது எல்லா உதவிப் பொறியாளருக்கும் தெரியும். ஓடும் மோட்டார் அரைகுறை வேகத்தில் அரைகுறைத் தண்ணீர் தரும். டிரான்ஸ்பார்மரின் இரண்டு காயில் அளவுக்கு மீறிச் சுமக்கும், மூன்றாவது சும்மா நிற்கும். ஊரில் டியூப்லைட் கண்சிமிட்டும். பட்டறைக்கு வரும் மோட்டாரைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிடும். மூன்று பேஸ் காயிலும் சேர்ந்து கருகியிருந்தால் அதிகச் சுமையோ குறைந்த வோல்டேஜோ. ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கருகி ஒன்று புதுசாக மினுங்கினால், அல்லது காயில்களை முக்கோணமாகச் சேர்க்கும் டெல்டா இணைப்பில் ஒன்று மட்டும் கருகியிருந்தால், ஒரு பேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. கருகிய காயிலை உருவ ஸ்டேட்டரை நெருப்பில் போட்டுச் சுடுகிறார்கள். அதில் தகடுகளுக்கு இடையிலுள்ள பூச்சு கெட்டு, ஒவ்வொரு தடவை கட்டும்போதும் அதே வேலைக்கு மோட்டார் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் தின்னும். இலவச மின்சாரத்துக்கு அரசு கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கு இந்த நெருப்பில் போகிறது. எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை, அளக்க மீட்டரும் இல்லை. கிணற்றுக்கு மீட்டர் என்றால் போராட்டம் வரும். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. கிணற்றை விடுங்கள், டிரான்ஸ்பார்மருக்கு மீட்டர் வையுங்கள். எங்கே எவ்வளவு போகிறது என்று தெரிய அது போதும்.

இனி சோலார் பம்பு. 2019இல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தில் ஒன்றிய அரசு 30 சதம், மாநிலம் குறைந்தது 30 சதம் கொடுக்கிறது. 5 எச்.பி.க்கு 4,800 வாட், 7.5 எச்.பி.க்கு 6,750 வாட் பேனல். இணைப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவருக்கு, டீசல் எஞ்சினில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றுபவருக்கு, இது நல்ல திட்டம்தான். மறுக்கவில்லை. ஆனால் டெல்டா முழுவதற்கும் இதையே வழி என்று கொண்டுபோவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

காரணங்களில் முதலாவது பம்பின் இயல்பு. சுழல்வேகம் 70 சதத்துக்கு இறங்கினால் தண்ணீரை உயர்த்தும் திறன் பாதியாகிவிடும். அது வேகத்தின் வர்க்கப்படி இறங்கும். முழு வேகத்தில் 30 மீட்டர் ஏற்றும் பம்பு, காலை எட்டு மணி வெயிலில் 15 மீட்டர்தான் ஏற்றும். தண்ணீர் மட்டம் 20 மீட்டரில் இருந்தால், மோட்டார் சுற்றும், குழாயில் சொட்டு வராது. தண்ணீர் நகராமல் சுற்றுகிற சப்மெர்சிபிளுக்குக் குளிர்ச்சி கிடைக்காது. த்ரஸ்ட் பேரிங் தேயும். கண்ட்ரோலரில் உலர் ஓட்டப் பாதுகாப்பைச் சரியான அளவுக்கு அமைத்தால் இதைத் தடுக்கலாம். மாட்டிவிட்டுப் போகும் ஆள் அந்த அமைப்பைத் தொடுவதே இல்லை. மேல்மட்டத்தில் தண்ணீர் இருக்கும் பில்டர் பாயிண்ட்டுக்கு (ஆழமில்லாத குழாய்க்கிணறு) இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் மேல்மட்ட பம்பு உறிஞ்சக்கூடிய ஆழம் நடைமுறையில் ஆறேழு மீட்டர்தான். அதற்குக் கீழே மட்டம் போனதால்தான் ஒரு தலைமுறை முன்பு மோட்டாரைக் குழிவெட்டி உள்ளே இறக்கினார்கள், அதுவும் எட்டாமல் சப்மெர்சிபிளுக்கு மாறினார்கள்.

அடுத்தது, நிலத்தடி நீர். இலவச மின்சாரத்துக்கு ஒரே கடிவாளமாக இருந்தது நேரம். சோலார் பம்புக்கு அந்தக் கடிவாளமும் இல்லை. ஜூன் மாதத்தில் பயன்படுவதைவிட, நெற்பயிர் இல்லாத மார்ச்சில் அது அதிகம் இறைக்கும். வேதாரண்யம், தலைஞாயிறு, கீழையூர் பக்கம் இது ஆபத்து. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் குறைந்தால், கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் வரை மேலேறிவரும் என்பது நீரியல் பாடம். கடலோர ஒன்றியங்களில் தனி சோலார் சப்மெர்சிபிளுக்கு மானியம் கொடுப்பதை நிறுத்துங்கள். பண்ணைக்குட்டையிலிருந்து இறைக்கும் 2, 3 எச்.பி. மேல்மட்ட சோலார் பம்புக்கு அந்தப் பணத்தைத் திருப்புங்கள்.

அப்புறம் காற்றும் உப்பும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் போயின. பேனல் சட்டத்துக்குக் காற்றைத் தாங்கும் வேகம் விதியில் எழுதப்பட்டிருக்கிறது. சட்டம் தாங்கும், அடிமானம்? மழையில் ஊறிய களிமண்ணில் குட்டையான கான்கிரீட் கட்டை பிடிப்பு விட்டு அப்படியே பிடுங்கிக்கொள்ளும். கண்ட்ரோலர் பெட்டியை இடுப்பு உயரத்தில் மாட்டுகிறார்கள். அந்த வயலில் கடைசியாக வந்த வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்று கேட்டுவிட்டு மாட்ட வேண்டும். கடலோரத்தில் கால்வனைஸ் பூச்சு மெலிந்த சட்டம் போல்ட் துளையிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் என்று டெண்டரில் எழுதினால் போதாது, காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இத்தனையும் சேர்த்துத்தான், பேனலை ஃபீடர் மட்டத்தில் வையுங்கள் என்கிறோம். துணைமின்நிலையத்தின் 11 கே.வி. பக்கத்தில் 1 மெகாவாட் இணைத்தால் சராசரியாக நாளைக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் தரும். மேலே சொன்ன 200 மோட்டாரும் ஆறு மணி நேரம் ஓடினால் 5,400 யூனிட். எல்லாம் ஒருநாளும் சேர்ந்து ஓடாது. மிஞ்சுவது ஊருக்கு, குறைவது கிரிட்டிலிருந்து. பவர் டிரான்ஸ்பார்மரில் ஏறும் பகல் சுமையை இந்த உற்பத்தி அங்கேயே தாங்கிக்கொள்ளும். சுமை இரட்டிப்பாகும் என்ற ஆட்சேபத்துக்கு எங்கள் விடை இதுதான்.

இடம்தான் சிக்கல். 1 மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் இயற்றிவிட்டு நஞ்சையில் பேனல் நடக் கூடாது. குஜராத்தில் 2012இல் செய்தது போலக் கால்வாய்க்கு மேல் கூரையாகப் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இங்கே அது ஒத்துவராது. நம் வாய்க்கால்களை ஏப்ரல், மே மாதங்களில் தூர்வார வேண்டும். மேலே பேனல் இருந்தால் பொக்லைன் கையைத் தூக்க முடியாது. நெல் கிடங்குகள், அரசு அரிசி ஆலைகளின் கூரை, துணைமின்நிலையத்தைச் சுற்றிக் கிடக்கும் வாரியத்தின் இடம், உப்பேறி உழவு விட்ட புறம்போக்கு ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். கொள்முதல் நிலையக் களத்துக்கு மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள். நெல் காய வெயில் வேண்டும்!

வெயில் இல்லாத மாதங்களும் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை டெல்டாவுக்குத் தண்ணீரை ஏற்ற வேண்டியதில்லை, வடிக்க வேண்டியிருக்கும். மூழ்கிய சம்பா நாலைந்து நாளுக்குமேல் தாங்காது. அந்த நேரத்தில் பேனல் உதவாது. கன மழை எச்சரிக்கை வந்தால் முறையைத் தள்ளிவைத்துவிட்டு, லைன் பாதுகாப்பாக இருக்கும்வரை வடிகால் பம்பு உள்ள ஃபீடர்களுக்கு முழு நேர மும்முனை கொடுக்க வேண்டும். தனி சோலார் பம்பை நம்பி லைனைக் கழற்றிவிட்டால் இதைச் செய்யவே முடியாது.

குறுவை அறுவடையும் அதே மழையில்தான் மாட்டுகிறது. 22 சத ஈரத்தில் வரும் 1 டன் நெல்லைக் கொள்முதல் வரம்பான 17 சதத்துக்கு இறக்க 60 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். உமி உலையில் இதற்கு 40 கிலோ உமி பக்கம் பிடிக்கும். அதே 1 டன் நெல்லை அரைத்தால் 200 கிலோ உமி வரும். டீசலில் ஓடும் உலர்த்தியை லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புவதைவிட, ஆலையில் கிடக்கும் உமியைக் கொள்முதல் நிலையத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது மலிவு. வேளாண் பொறியியல் துறை இதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

எரிவாயு பற்றி ஒரு வரி சொல்லாமல் டெல்டா மின்சாரம் பேச முடியாது. நரிமணத்தில் 1980களில் எண்ணெய் கண்டார்கள். குத்தாலத்திலும் கோவில்களப்பாலிலும் தலா 100 மெகாவாட் அளவில் எரிவாயு நிலையங்கள் வந்தன. அவை ஓடட்டும், கிணற்றிலிருந்து வரும் வாயுவைத் தேக்கி வைக்க இடமில்லாததால் மாலைக்கென்று ஒதுக்கி ஓட்டுவதும் எளிதில்லை. புதிதாகத் தோண்டும் பேச்சு வேறு. நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க முதலில் நிலத்தடி நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மோட்டார் ஓட்டத் தேவையான மின்சாரத்துக்காக, மோட்டார் எடுக்க வேண்டிய தண்ணீரையே வெளியேற்றுவதா? 2023இல் வடசேரியும் மைக்கேல்பட்டியும் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் வந்து பின்னர் நீக்கப்பட்டன. அது அப்படியே நீக்கப்பட்டதாக இருக்கட்டும்.

சோதனையாகத் தொடங்க மூன்று ஃபீடர் போதும். திருவையாறு பக்கம் தலைமடையில் ஒன்று, நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் நடுவில் ஒன்று, வேதாரண்யம் பக்கம் கடைமடையில் ஒன்று. ஜனவரி 28இல் மேட்டூர் மூடி, சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் தெளித்துவிட்ட பிப்ரவரியில் மோட்டார் சுமை குறைவு. அப்போது டிரான்ஸ்பார்மர் மீட்டர், கண்டன்சர், டைமர் வேலைகளை முடித்துவிடுங்கள். இருமுனைக் கண்டன்சரைப் பறிமுதல் செய்யப் போகாதீர்கள், சண்டைதான் வரும்; பகல் மும்முனை ஒரு மாதம் ஒழுங்காக வந்தால் அவர்களே கழற்றிவிடுவார்கள். மார்ச்சிலிருந்து நேரத்தை மாற்றுங்கள். ஜூன் 12க்குள் மூன்று மாதக் கணக்குக் கையில் இருக்கும்.

எழுதிவைக்க வேண்டியவை அதிகமில்லை. டிரான்ஸ்பார்மர் வாரியாக யூனிட், நண்பகலில் கடைசிக் கம்பத்தின் வோல்டேஜ், போன பீஸ், எரிந்த டிரான்ஸ்பார்மர், சுற்றுப்பட்டறைகளுக்கு வந்த எரிந்த மோட்டார். கடைசியதை நாங்களே எழுதித் தருகிறோம், எந்தக் காயில் எப்படிக் கருகியது என்பதோடு. கடைமடை ஃபீடரில் இன்னொன்றும் வேண்டும். மாதம் ஒரு முறை, அரை மணி நேரம் மோட்டார் ஓடிய பிறகு குழாய்த் தண்ணீரை எடுத்து உப்பு மின்கடத்துத்திறன் பாருங்கள். மீட்டருக்கு 2 டெசிசீமென்ஸ் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். அந்த எண் மாதாமாதம் ஏறினால், அந்த ஃபீடருக்குப் பகல் நேரத்தையும் குறைத்துத்தான் ஆக வேண்டும். அதை விவசாய சங்கக் கூட்டத்தில் எங்கள் வாயாலேயே சொல்ல நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
டெல்டாவில் மோட்டார், போர், லைன் வேலை பார்க்கும் சிலர்